இழவு வீட்டில் நாலு குருவி

என் மனுசன் இராசநாயகத்துக்கு ஐம்பத்தைந்து வயது. இந்த வயதுக்குள் அவர் பார்க்காத பேய்ப்படம் இல்லை, மெச்சிய பேய்ப்படமும் இல்லை. மெச்சாததை ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "மெச்சுற மாதிரி ஒண்டு எண்டைக்காவது வருமெண்டுதான்" என்பார். நானும் இருபத்தாறு வருசமாக அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற வேலை. விடிய நாலரைக்குப் போனால், உரும்பிராயில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு வருவார். மண்ணெண்ணெய் மணம் போக இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவுவார். பிறகு சோற்றுக் கோப்பையோடு இருந்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் படத்தைத் தட்டிவிடுவார். படம் ஓடும், சோறு இறங்கும். வாய்க்குப் போகிற கை எந்த இடத்திலாவது தன்பாட்டில் நின்றால் அந்தப் படம் பாஸ். நிற்காவிட்டால் குப்பை. இதுதான் அவருடைய சோதனை. இத்தனை வருசத்தில் கை இரண்டே இரண்டு தரம்தான் நின்றிருக்கிறது. இரண்டு தரமும் மீன் முள்ளு.

சாப்பிட்டு முடிந்ததும், எச்சில் கை காயக் காய, இடக்கையால் போனைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லுவார். பேஸ்புக்கில் 'கை நிக்குமோ' என்று ஒரு பக்கம். எங்கள் மகள் சாருஜா விளையாட்டாகத் திறந்து கொடுத்தது. ஒரு படத்துக்கு மூன்று நிமிசம், குரல் மட்டும். ஸ்காபரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற எங்கள் சனம் நாலாயிரம் பேர் அதைக் கேட்கிறதாம். வேலை மினக்கெட்ட சனம்.

நான் பேய்ப்படம் பார்ப்பதில்லை. ஆனால் குசினிக்கும் அவர் இருக்கிற கதிரைக்கும் நடுவில் கதவு இல்லாதபடியால் தீர்ப்பு முழுவதும் என் காதில்தான் விழும். அண்மையில் ஒரு போலந்துப் படம். உலகம் முழுக்க விருது வாங்கினதாம். இரண்டு மணித்தியாலம் ஒரு பூட்டின கதவைக் காட்டுகிறார்கள், அதற்குப் பின்னால் என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. "பூட்டின கதவைப் பாக்க எனக்குப் படம் தேவையில்லை. முள்ளுக்கம்பிக்கு வெளியிலை நிண்டு இருபத்தேழு வருசம் பாத்தனான்" என்றார்.

பிறகு பெருவில் ஐந்து பொடியள் ஒரு சுரங்கத்துக்குள் கமராவோடு போகிற படம். "பேய் துரத்துது, கால் முறியுது, கூட்டாளி சாகிறான். ஆனால் உவன் கமராவைக் கீழை போடமாட்டான். பற்றரியும் இறங்காது. என்ரை போன் சுன்னாகம் சந்தி தாண்ட முதல் செத்துப்போகும்." தமிழ்நாட்டில் யாரோ சொந்தக் காசில் எடுத்த படத்தில் பேய்க்குக் கொலுசு. "செத்தவளுக்கு ஆர் கொலுசு போட்டுவிட்டது? எங்கடை ஊரிலை சவத்திலை ஒரு மூக்குத்தி விடமாட்டினம், கழட்டிப் பங்கு போட்டிடுவினம்."

விசிறிகள் தலையில் வைத்து ஆடுகிற கல்ட் படங்கள் என்றால் இன்னும் மோசம். எழுபதுகளில் வந்த ஒரு பழைய படத்தைப் பற்றி வெளிநாட்டிலிருந்து ஒருவர் உருகி உருகி எழுத, இவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தம் எண்டு தக்காளிச் சோசு ஊத்தியிருக்கிறான். எடுத்தவனுக்கும் விளங்கேல்லை, பாத்தவனுக்கும் விளங்கேல்லை. ரெண்டு பேரும் சேந்து அதுக்குக் கல்ட் எண்டு பேர் வைச்சிட்டாங்கள்."

ஆகப் பெரிய கோபம் புதுசாக வந்த ஒரு வகைப் படங்களில்தான். ஒரு வீடு, ஒரு தாய், ஒரு பிள்ளை, சுவரில் நிழல். கடைசியில் பார்த்தால் பேயே இல்லையாம், தாயின் மனக்கவலைதான் அப்படி வந்து நின்றதாம். அன்று அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தினார். "எங்கடை சனத்திலை ஆருக்குக் கவலை இல்லை? அதுக்காகச் சுவரிலை ஏறி நடக்கிறமோ? விடிய எழும்பி வேலைக்குத்தானே போறம்!" இதை மட்டும் நானும் ஒத்துக்கொண்டேன். அவருக்குச் சொல்லவில்லை.

இந்த இளக்காரம் எங்கே தொடங்கினது என்றும் சொல்ல வேண்டும். அவரும் மயிலிட்டிதான், தகப்பனுக்குச் சொந்த வள்ளம் இருந்தது. பதின்மூன்று வயதில், ஊரில் யாரோ வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வளவுக்குள் இங்கிலிசுப் பேய்ப்படம் போட்டார்களாம். பேய் வந்தவுடன் பொடியள் எல்லாம் எழும்பி ஓட, இவர் மட்டும் இருந்து பார்த்திருக்கிறார். பேயின் கையில் மணிக்கூடு கட்டியிருந்ததாம். ஓடினவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல, ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து பேய்களில் பிழை பிடிப்பதே தொழிலாகிவிட்டது. இத்தனைக்கும் பல்லு டொக்டருக்குப் பயந்து மூன்று மாதம் கன்னம் வீங்கிக்கொண்டு திரிந்த வீரர்.

எங்கள் கலியாணம் மல்லாகத்து அகதி முகாமில் நடந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டையில் ஊரோடு மயிலிட்டியை விட்டு ஓடி வந்தபோது எனக்குப் பதினாலு வயது. என் அப்பா ஆழ்வாப்பிள்ளை உடுபுடவைக்கு முதல் எடுத்தது வீட்டு உறுதிப் பத்திரத்தை. எங்கள் பக்கத்தில் பெட்டைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். அப்பாவும் கொடுத்தார். வீடு எங்கே என்றால் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளே. போக முடியாது, பார்க்க முடியாது, இருக்கிறதா இல்லையா என்றும் தெரியாது. அந்த உறுதியை விரித்து வைத்து ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டு, "வடிவான வளவு" என்று சொன்ன மாப்பிள்ளை இவர். தகரக் கொட்டிலுக்கு முன்னால் தாலி கட்டினார். தோரணம் கட்டவில்லை, கட்டுவதற்கு வாசலில் ஒரு படலை இல்லை. "பெட்டையின்ரை கலியாணத்துக்கு என்ரை படலையிலை ஒரு தோரணம் கட்டக் குடுத்து வைக்கேல்லை" என்று அப்பா சாகும்வரை சொன்னார். அவர் செத்ததும் அதே முகாமில்தான். அந்தச் செத்தவீட்டுக்கு ஒழுங்கை முழுக்க ஓலைத் தோரணம் கட்டினவர் இராசநாயகம். ஒரு ஆளின் உதவி இல்லாமல் அறுபது கட்டினார்.

இரண்டாயிரத்துப் பதினேழில் இராணுவம் ஊரைத் திருப்பித் தந்தது. போய்ப் பார்த்தால் அவருடைய வீடு இருந்த இடமே தெரியவில்லை. என்னுடையதற்குச் சுவர்கள் இருந்தன. கூரை இல்லை, நிலைகள் இல்லை, அறைக்குள் ஆலமரம். ஆனால் கிணறும் படலையின் இரண்டு தூண்களும் அப்படியே நின்றன. நான் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அரசாங்க வீட்டுத்திட்டம் கிடைக்க எட்டு வருசம் போனது. இந்த வருசம் மாசியில் வேலை தொடங்கி, மேசன் எமில்ராஜ் ஐப்பசிக்குள் சுவர் எல்லாம் முடித்துவிட்டான். கூரை மட்டும்தான் மிச்சம். தை ஒன்பதாம் நாள் பால் காய்ச்சிக் குடிபூரல் என்று ஐயரிடம் நாளும் வைத்தாயிற்று. உரும்பிராய் வீட்டுக்காரரின் மகன் கனடாவிலிருந்து வருகிறானாம், தை முடிய நாங்கள் வீட்டை விட்டு எழும்பவும் வேண்டும். ஆக, தைக்குள் எனக்கு என் வீடு வேண்டும். பதினாலு வயதில் விட்டுவிட்டு வந்த வீடு.

இனி நடந்தது எனக்குப் பிந்தித்தான் தெரியும். ஒழுங்காகச் சொல்கிறேன்.

போன வருசம் ஆவணியில், வேலை தொடங்க முதல், தங்கச்சியின் ஒப்பரேசனுக்கு வவுனியாவில் பன்னிரண்டு நாள் நின்றேன். அந்த நேரம் பார்த்து பாரிசிலிருந்து சுபாங்கன் என்று ஒருவன் வந்திருக்கிறான். பத்து வயதில் போனவன், குடுமி கட்டின தலை, பெரிய கமரா. யாழ்ப்பாணத்தில் சுயாதீனப் பேய்ப்படம் எடுக்கப் போகிறானாம். "அங்கிள், உங்கடை பக்கத்தை நான் ஒண்டு விடாமல் கேக்கிறனான். என்ரை படத்துக்கு உங்கடை கை நிண்டால் எனக்கு வேறை விருது வேண்டாம்" என்றானாம். போதாதா? ஐம்பத்தைந்து வருசமாகப் புகழ்ச்சிக்குக் காய்ந்து கிடந்த மனுசன். ஒரு அங்கிளில் ஆள் விழுந்துவிட்டார்.

விழுந்தவர் சும்மா விழவில்லை. இடிந்த வீடு தேடித் திரிந்தவனுக்கு என் வீட்டைக் காட்டியிருக்கிறார். கதை இல்லாமல் நின்றவனுக்குக் கதையும் கொடுத்திருக்கிறார். கடலுக்குப் போன புருசன் திரும்பாமல், இடம்பெயருகிற அன்று ஒருத்தி கிணற்றில் விழுந்து செத்தாளாம். பச்சைப் பொய். மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு, பாடை கட்டி, ஓலை வெட்டி, செத்தவீட்டுக் காட்சிக்கு வேண்டிய வேலை எல்லாம் தன் கையால் செய்து கொடுத்திருக்கிறார். நான் திரும்பி வந்து, ஆள் ஏன் இப்படிக் கறுத்துப்போனார் என்று கேட்டதற்கு, "வெயில்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருசம் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஐப்பசியில் படம் யூரியூப்பில் வந்தது. 'மயிலிட்டியில் நடந்த உண்மைச் சம்பவம்' என்று கொட்டை எழுத்தில். ஒரு கிழமைக்குள் இரண்டு இலட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் ஒருவன் எமில்ராஜின் கூலியாள். பார்த்த அடுத்த நாள் ஏணியில் கால் சறுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிவிட்டது. அவ்வளவுதான்.

எமில்ராஜ் போன் எடுத்தான். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. பொடியள் உந்த வளவுக்குள்ளை இனிக் கால் வைக்கமாட்டமெண்டு நிக்கிறாங்கள்."

"ஏன், என்ன நடந்தது?"

"உங்களுக்குத் தெரியாதே? கிணத்துக்குள்ளை விழுந்த பொம்பிளையின்ரை கதை. படத்திலை போட்டிருக்கினமே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினதும் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் எட்டு மாதம் தேத்தண்ணி குடித்தவன்கள், அந்தச் சுவரோரம் மத்தியானம் மத்தியானம் குறட்டை விட்டுப் படுத்தவன்கள். எட்டு மாதம் வராத பேய் போனுக்குள்ளால் வந்துவிட்டதாம். முதுகெலும்பு இல்லாத கூட்டம். ஓட்டு வேலைக்கு வேறு ஆள் பிடிப்போம் என்று புத்தூரில் ஒருவரைக் கேட்டால், அவரும் "மயிலிட்டியிலை எந்த வீடு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் படலையடியில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்த நாலு காவாலிகள் என் கிணற்றுக்குள் போனை நீட்டி வீடியோ எடுக்கிறான்கள். கல்லெடுத்து எறிந்து கலைத்தேன். அதையும் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டான், பேய் வீட்டில் ஒரு விசர்ப் பொம்பிளை என்று.

சாருஜாவைக் கொண்டு படத்தைப் போடுவித்தேன். முதல் காட்சியிலேயே என் சுவர். கடைசிக்கு ஓட்டி, பெயர்கள் வருகிற இடத்தில் நிறுத்தினாள் பிள்ளை. 'கலை ஆலோசனை: மயிலிட்டி இராசநாயகம்.' நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு ஆள் வந்தார். சவுக்காரத்தைக் கொடுக்காமல் கேட்டேன். "ஆரைக் கேட்டு என்ரை வீட்டைக் குடுத்தனீங்கள்?"

நிலத்தைப் பார்த்தார். "அப்ப அது இடிஞ்சு கிடந்த வீடுதானே."

"இடிஞ்சாலும் என்ரை வீடு. உறுதியிலை என்ரை பேர். அதுக்குள்ளை ஒருத்தியைக் கொண்டுபோய்க் கிணத்திலை தள்ளினியளே, உங்களுக்கு என்ன விசரே?"

"ஒரு நல்ல படம் வருமெண்டு நினைச்சன், சுவர்ணா."

"வந்ததோ?"

"குப்பை" என்றார்.

எனக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது. "கூரையை நானே ஏறிப் போடுறன்" என்று பிறகு ஒரு சமாதானம். "நீங்கள் ஏணியிலை ஏறினால் அங்கை உண்மையாகவே ஒரு பேய் வந்திடும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. சோற்றைப் போட்டு மூடி வைப்பேன், அவர் எடுத்துச் சாப்பிடுவார்.

அவருக்கு வெளியிலும் அடி விழுந்தது. படத்தின் கீழே சனம் எழுதினதைச் சாருஜா வாசித்தாள். எல்லாரும் பிடித்துக்கொண்டது ஒரு பிழையை. ஓலைத் தோரணம் எங்களுக்கு இரண்டு வகை. நல்ல காரியத்துக்கு என்றால் நாலு குருவி மடிப்போம், தலைகள் மேலே பார்க்கும். இழவுக்கு மூன்று குருவி, தலைகள் கீழே தொங்கும். இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படத்தில், பாடை வெளிக்கிடுகிற வீட்டுப் படலையில், நாலு குருவி மேலே பார்த்துக்கொண்டு நிற்கின்றனவாம். 'இழவு வீட்டுக்குக் கலியாணத் தோரணம்! கலை ஆலோசகருக்கு மூண்டு வரை எண்ணத் தெரியாதோ?' 'பேய்க்குச் சம்பந்தம் பேசினமோ அங்கிள்?' 'கை நிக்குமோ அங்கிளுக்குக் கண்ணும் நிண்டுபோச்சு.' இவரிடம் இவ்வளவு காலமும் வாங்கிக் கட்டின படக்காரப் பொடியள் எல்லாரும் வரிசையில் வந்து ஏறி மிதித்தார்கள்.

நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். ஊரிலுள்ள பேய்களின் மணிக்கூட்டையும் கொலுசையும் எண்ணித் திரிந்த ஆளுக்குத் தன் கையால் கட்டின குருவியை எண்ணத் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சாருஜா பாவப்பட்டாள். யானைக்குச் சறுக்கலாம், இது யானை இல்லை என்றேன். அவர் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருபத்தாறு வருசத்தில் முதல் தரமாகப் படம் இல்லாமல் சோறு சாப்பிட்டார்.

கார்த்திகை பிறந்தது. சுவர்கள் கூரை இல்லாமல் மழையில் நனைந்தன. அந்தப் பேயை நான்தான் கொல்ல வேண்டும், வேறு ஆள் இல்லை என்று எனக்கு விளங்கியது. கொல்வதற்கு முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஒரு புதன்கிழமை, அவர் வர முதல், சோற்றைப் போட்டு, சூடை மீன் பொரியலை வைத்து, சாருஜாவின் போனைச் செம்பில் சாய்த்தேன். அவருடைய சோதனையால்தான் அவருடைய படத்தைக் கொல்வது என்று முடிவு.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் குப்பை என்றது சரி. முதல் பத்து நிமிசம் ட்ரோன்தான் பறக்கிறது. பனை, கடல், பனை, கடல். காணி அளக்க வந்தவன்போல. செத்தவள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாள், உதட்டில் சாயம் கலையவில்லை. அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டிய பொடியன் சிரிப்பை அடக்குகிறது அப்பட்டமாகத் தெரிகிறது. திடீர் திடீரென்று தகரத்தில் அடித்த மாதிரி ஒரு சத்தம். பயம் வராவிட்டால் காதாவது அடைக்கட்டும் என்று நினைத்திருப்பான். நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். கை நிற்கவில்லை. இதற்கா ஆம்பிளைகள் ஏணியை விட்டு ஓடினான்கள் என்று இருந்தது.

பிறகு அந்தப் படலை வந்தது.

கமரா வேறு வேலை இல்லாமல் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றது. என் அப்பா கட்டின இரண்டு தூண்கள். நடுவில் கயிறு, கயிற்றில் பச்சைக் குருத்தோலை. நாலு குருவி, நாலும் தலை நிமிர்ந்து. ஒவ்வொன்றும் வலைக்கு முடிகிற முடிச்சால் கட்டியிருந்தது. அந்த முடிச்சு யாருடைய கை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் செத்தவீட்டுக்கு இதே கை ஒழுங்கை முழுக்க அறுபது தோரணம் கட்டியது. அறுபதிலும் மூன்று மூன்று குருவிதான், ஒன்று பிழைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் இந்த மனுசனுக்கு இது பிழைக்காது.

என் கை சோற்றோடு அப்படியே நின்றது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது, நான் பார்க்கவில்லை. அவர் வந்து கை கழுவும்வரைக்கும் எச்சில் கையோடு இருந்தேன். பேச்சு நின்று ஒரு மாதம்.

"தோரணத்திலை ஏன் நாலு?" என்று கேட்டேன்.

துவாயை எடுத்துக் கை துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். "படத்துக்கு மூண்டுதான் சரி. உவன் சுபாங்கனுக்கும் ஆரோ சொல்லிப்போட்டினம். மாத்தச் சொல்லிக் கத்தினவன்."

"பிறகேன் மாத்தேல்லை?"

"ரெண்டு தரம் மடிச்சனான். மூண்டு குருவி மடிச்சுக் கொண்டுபோய் அந்தத் தூணிலை கட்டக் கை வரேல்லை. உன்ரை வீடெல்லே." துவாயை மடித்தபடி சொன்னார்: "உன்ரை கலியாணத்துக்கும் அந்தப் படலையிலை ஒண்டும் கட்டேல்லை."

"உதை இவ்வளவு நாளும் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையே? ஊரெல்லாம் எண்ணத் தெரியாதவன் எண்டு சிரிக்குது."

"சிரிக்கட்டும். குடுத்தது பிழைதானே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கிணற்றில் ஒருத்தியைத் தள்ளின கையும் அந்தக் கைதான். அவர் சாப்பிட இருந்ததும், நான் சாருஜாவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய், 'கை நிக்குமோ' பக்கத்தைத் திறந்து தரச் சொன்னேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை, வந்தபடி சொன்னேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சுவர்ணா. உந்தப் படத்திலை வாற வீடு என்ரை வீடு. படம் குப்பை. கிணத்துக்குள்ளை இருந்து வாறவளுக்கு உதட்டுச் சாயம் பூசிவிட்டவனை நாலு நாள் அந்தக் கிணத்துக்குள்ளை இறக்கிவிட வேணும். அந்தக் கிணத்திலை விழுந்து ஒருத்தியும் சாகேல்லை. ஒருக்கா ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தது, அதையும் எங்கடை அப்பா உயிரோடை தூக்கினவர். பிறகு அது எங்கடை ஊர்ப் பூவரசெல்லாம் திண்டு கொழுத்தது. உண்மைச் சம்பவம் எண்டால் அதுதான் உண்மைச் சம்பவம். மிச்சக் கதை என்ரை மனுசன் கட்டினது. அதுக்கு நான் அவரோடை பேசுறன், நீங்கள் பேச வேண்டாம். தோரணம் பிழையெண்டு எழுதினியள். படத்துக்குத்தான் பிழை, என்ரை வீட்டுக்குப் பிழையில்லை. அது இழவு வீடில்லை. அது எனக்குச் சீதனமாத் தந்த வீடு, தை ஒன்பதாம் நாள் குடிபூருறம். முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகு அந்தப் படலையிலை ஏறின முதல் தோரணம் அது. எமில்ராஜின்ரை பொடியளுக்கு ஒண்டு சொல்லுறன். பயமெண்டால் படலையிலை நிண்டு மேலை பாத்துப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. கடைசியா, கை நிண்டதோ எண்டு கேப்பியள். ஓம். ஒரு இடத்திலை நிண்டது."

அடுத்த நாள் விடியவே எமில்ராஜ் போன் எடுத்தான். "அக்கா, ஆட்டுக்குட்டியின்ரை கதையைக் கேட்டுப் பொடியள் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கள். திங்கக்கிழமை வாறம். தேத்தண்ணி மட்டும் நீங்கள் கொண்டு வாங்கோ, கிணத்துத் தண்ணியிலை வேண்டாம்." கோழைகள். இருந்தாலும் திங்களன்று வரட்டும், கூரை ஏறட்டும், பிறகு அந்தக் கிணற்றில் அள்ளித்தான் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பேன், சொல்லமாட்டேன்.

என் பேச்சை அவர் மட்டும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு இருந்து, போனைச் செம்பில் சாய்த்து, 'கை நிக்குமோ'வைத் தட்டினார். நான் குசினியில் நின்று பார்த்தேன். என் குரல் கணகணவென்று கேட்டது. உதட்டுச் சாயத்துக்குச் சிரித்தார். ஆட்டுக்குட்டிக்குத் தலையாட்டினார். சோறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் தோரணம் என்று நான் சொல்லுகிற இடம் வந்தபோது, வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பேச்சு முடிந்த பிறகும் அது இறங்கவில்லை.

"என்ன, கை நிண்டிட்டுதோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "முள்ளு" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் சமைத்திருந்தது கத்தரிக்காயும் பருப்பும்.